காகம் வாங்கிய பத்து நாள்

மூன்று முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுத் தண்ணீரில் விழுந்த சத்தம் அந்தக் கிணற்றடிப் பனைமரத்துக்கு இன்றும் மறக்கவில்லை.

காகம் பறவைகளுக்குக் கூடு பார்த்துக் கொடுக்கும் தரகன். முட்டையிடக் காத்திருந்த சில்லைக் குருவிக்கு கூடு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பனையில் கூடு பின்னும் தூக்கணாங்குருவியிடம் வந்தது.

"கூடு முடிய எத்தனை நாள் ஆகும்?"

"பதினெட்டு நாள், அண்ணே."

"அவ்வளவா? குறைச்சுச் சொல்லுடா."

"இதென்ன கத்தரிக்காயா, பேரம் பேச?"

"இந்த மாசம் கூடுகளுக்கு அஞ்சு குடி பிடிக்கணும்னு கணக்கு வெச்சேன். நான் ஏழு பிடிச்சேன். உனக்கு மட்டும் ஏன் முடியலை?"

"நீங்க இன்னும் நாலு மரத்துல போய்க் கத்தினா ரெண்டு குடி கூடும். நான் கத்தினா நார் தானாப் பின்னிக்குமா? அடிப்பாகம் மட்டும் மூணு அடுக்கு போடணும்."

"சோம்பேறிப் பேச்சு! பத்துன்னு சொல்லு."

காகம் மட்டையை விட்டு நகரவே இல்லை. பொழுது சாயும்வரை அதையே கேட்டது. களைத்துப்போன தூக்கணாங்குருவி, "சரி, பத்து" என்றது.

பத்தாம் நாள் அடிப்பாகத்தில் ஓர் அடுக்குதான் இருந்தது. "இப்போ குடியேற வேண்டாம்" என்று தூக்கணாங்குருவி கெஞ்சியது. காகம் சில்லையைக் குடியேற்றியது. மூன்றாவது முட்டையிட்ட மறுநாளே காற்றில் அடிப்பாகம் பிய்ந்தது.

அழுத சில்லையிடம் காகம் சொன்னது: "பத்து நாள்னு இவன் வாயாலதான் சொன்னான், தாயி. நானா சொன்னேன்?"

அந்த மாதம் காகம் எட்டாவது குடியையும் பிடித்தது. சில்லை அந்த வருஷம் மறுபடி முட்டையிடவில்லை.