மெரூன் கோடு

"தலையை நல்லாத் தூக்கிப் பிடி. அப்பதான் உள்ள இறங்கும்."

"பிடிச்சிட்டுத்தாங்க இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, வெளிய வழியுது பாருங்க."

குழந்தைக்கு மருந்து புகட்டுகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, ஏமாந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மனைவி தூக்கிப் பிடித்திருந்தது மோட்டார் சைக்கிளின் க்ளட்ச் கேபிள். அதன் மேல்நுனியில் பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி ரப்பர் பேண்டால் கட்டி, அதற்குள் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தான் கணவன்.

தெருவில் அவனுக்கு 'மெக்கானிக்' என்று பட்டப்பெயர். வேலை என்னவோ இன்சூரன்ஸ் ஆபீஸில்தான். எதையும் கழற்றுவான், எதையும் மாட்டுவான். மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மட்டும் மிச்சமிருக்கும், அதைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டாளிகளோடு வண்டியில் ஊர் சுற்றக் கிளம்பினான் என்றால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். ஆனால் ஐந்து வாரமாக அந்தப் பாச்சா பலிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்வரை ஒழுங்காக இருக்கிற க்ளட்ச், ஞாயிறு விடிந்தால் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. பிடியை முழுக்க அழுத்தினாலும் கியர் கடகடவென்று கத்துகிறதே தவிர விழுவதில்லை.

வாரம் முழுக்க "சாவி எங்க, சட்டை எங்க" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவன், எண்ணெய் இறங்கி அடிநுனியில் சொட்டுகிற வரைக்கும் வாய் ஓயாமல் பேசினான். மேனேஜர் தும்முவதை நடித்துக் காட்டினான். கேபிளைக் கீழே விட்டுவிடாமல் சிரிப்பதற்கு அவள் படாதபாடு பட்டாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கேபிளை மாட்டியாயிற்று. பிடிக்கு முன்னால் ஒரு நாணயம் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும்படி சரிசெய்தான். கீழே இருக்கும் நட்டை இறுக்க அவன் கையை நீட்டியதும், கேட்காமலே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வைத்தாள்.

நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தவன் கேட்டைப் பார்த்தான்.

"கேட் பூட்டித்தான் இருக்கு. வெளியாள் வர வழியில்ல. உன் தம்பிதான் விடியக்காலையில வண்டிய எடுக்கிறான். தன் கைக்குத் தகுந்த மாதிரி நட்டைத் திருகிட்டு, நல்ல பிள்ளையாட்டம் வந்து படுத்துக்கறான்."

வேலை மாறி வந்த தம்பி, வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி இரண்டு மாதமாக ஹால் சோபாவில் இருக்கிறான். அங்கிருந்தே குரல் கொடுத்தான். "மாமா, எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது!"

"மாட்டிக்கிட்டவன் எவன் ஒத்துக்கிட்டான்?" என்ற மெக்கானிக், மனைவி பக்கம் திரும்பினான். "உன் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துட்டு வா."

"அது சிவப்பு இல்லங்க, மெரூன். அதுவும் அடியில ஒட்டிட்டிருக்கு."

"எல்லாம் ஒரே சிவப்புதான். கொண்டா."

போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தான். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"அடுத்த ஞாயிறு கோடு விலகியிருந்தா, உன் தம்பி அன்னிக்கே மூட்டை கட்டணும். சொல்லிட்டேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. தம்பிக்கு இந்த ஊரில் வேறு போக்கிடம் கிடையாது.

அடுத்த ஞாயிறு ஆறே முக்காலுக்கு மெக்கானிக் க்ளட்ச் பிடியை அழுத்தினான். பழையபடி தொளதொள.

"மச்சான், எழுந்து வா இங்க!"

தம்பி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். மெக்கானிக் டார்ச்சை அடித்துக் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடியும் குனிந்தான்.

கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"அட, நட்டு அசையவே இல்லையே!" அவன் தலையைச் சொறிந்தான். "அப்போ கேபிள்தான் நீளுது. தப்பா நினைச்சுக்காத மச்சான். நீ எத்தனை மாசம் வேணும்னாலும் இங்கயே இரு."

உடனே கூட்டாளிக்குப் போன் போட்டான். "இன்னிக்கும் நான் வரலடா. கேபிள் மறுபடியும் மக்கர் பண்ணுது, நீங்க கிளம்புங்க." பிறகு எண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போனான்.

தம்பி மட்டும் நகரவில்லை. வண்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் மானத்தைக் காப்பாற்றிய கோட்டை நன்றியோடு பார்த்தான். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான்.

"அக்கா, மாமா போட்டது மெரூன்தானே? இது தக்காளிக் கலர்ல இருக்கு?"

அக்கா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து அவன் காதோடு சொன்னாள்.

"மெரூன் தீர்ந்துபோச்சுடா."