கடாச் சுரப்பிகள்

1957 நவம்பரில், வேதியியல் ஆய்வாளர் ஸ்டூரே ஸ்டாக்ஹோம் அருகே ஓர் இறைச்சிக்கூடத்துக்குப் போய், செம்மறிக் கடாக்களின் விந்துச் சுரப்பிகளைக் கேட்டார்.

"த்தூ, படிச்ச மனுஷன் கேக்குற பொருளா இது?" என்று முதலாளி ஹில்டிங் முகம் சுளித்தார்.

"அதுல ஒரு கொழுப்புப் பொருள் இருக்குங்க. துளி பட்டாலே கருப்பை சுருங்கும். வண்டி நிறைய அரைச்சாத்தான் ஒரு சிட்டிகை தேறும். நீங்க தரலைன்னா ஆராய்ச்சியே நின்னுடும்."

"கேக்கவே குமட்டுது. தர முடியாது."

"எப்படியும் குப்பைக்குத்தானே போகுது?"

"குப்பைக்கா? புதன்கிழமை உங்க ஆய்வகக் கேன்டீன்ல வரிசையில நின்னு வாங்குறீங்களே, நான் கறி அரைச்சு அனுப்புற அந்த சாசேஜ்ல வேற என்ன இருக்குன்னு நினைச்சீங்க?"

ஸ்டூரே வெளியே ஓடி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கெஞ்சினார்.

அடுத்த புதன்கிழமை, சுரப்பிகள் ஆய்வகத்துக்குப் பாதியும் கேன்டீனுக்குப் பாதியும் வந்து சேர்ந்தன.