மாப்பிள்ளை காட்டிய பந்து

கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் மூச்சடக்கி நிற்கிறது. டிவியில் கோல்ஃப் பார்த்தே நிபுணரான மாப்பிள்ளை இன்றுதான் மைதானத்தை நேரில் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கவில்லை என்று நிரூபிக்க மனைவியையும் மாமனாரையும் கூட்டி வந்திருக்கிறார். “சோபாவில படுத்துப் படிச்ச படிப்பு, இன்னிக்குத் தெரிஞ்சிரும்பா,” என்று மனைவி அப்பாவின் காதில் சொல்கிறாள். ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றுகிறார். உலர்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம். அடித்த பந்தைத் துரத்தினால் கண்ணுக்குச் சிக்காது. அது வந்து சேரும் வானத்தில் கண் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். டிவியில் அந்த வேலையைக் கேமராக்காரர் செய்துவிடுவார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது. “எங்க மாப்ள பந்து?” “அதோ மாமா, அந்த மேகத்துக்கு வலது பக்கம். என்னமா ஏறுது பாருங்க.” கூட்டத்தின் தலைகள் மொத்தமாக இடது பக்கம் திரும்புகின்றன. கைதட்டலும் அங்கிருந்துதான் வருகிறது. மாப்பிள்ளையின் விரல் மட்டும் வலது பக்கத்தை விடவில்லை. “காத்து தள்ளிடுச்சு மாமா,” என்கிறார். மாமனார் தூரத்துக் குழியில் நட்ட கொடியைப் பார்க்கிறார். நனைந்த துண்டு போல அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. “ஆமா மாப்ள, பலமான காத்துதான்,” என்று சொல்லிவிட்டு, தன் தொப்பியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.