கைத்தாங்கல்

கைத்தாங்கலை அவள் பூஜ்யத்துக்கு இறக்கினாள்.

திரையில் ஒன்றும் மாறவில்லை. அதே ஆறு, அதே பாறைகள், நடுவில் அப்பாவின் சிவப்புப் படகு. வீட்டில் உட்கார்ந்து அப்பா விளையாடுவது அவளுடைய அலுவலகக் கணினியில் அப்படியே தெரியும்.

பக்கவாதத்தில் கை விழுந்துபோனவர்களுக்காக அவளுடைய குழு செய்த ஆட்டம் அது. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கையை அசைத்தால் படகு திரும்பும். அப்பாவுக்கு விழுந்தது இடது கை.

விழுந்த கை கொஞ்சமாகத்தான் அசையும். அதற்காகப் படகு பாறையில் மோதிக்கொண்டே இருந்தால் எவர் விளையாடுவார்? அதனால் ஆட்டமே யாருக்கும் தெரியாமல் படகைக் கொஞ்சம் தள்ளிவிடும். கை விரற்கடை நகர்ந்தால் படகு முழம் நகரும். இதற்குத்தான் அலுவலகத்தில் கைத்தாங்கல் என்று பெயர்.

எல்லா ஆட்டங்களிலும் இப்படி ஒரு பொய் உண்டு. சண்டை ஆட்டத்தில் சாகப்போகிற வீரனின் கடைசிச் சொட்டு உயிர் கணக்குக்கு மேல் கொஞ்சம் தாங்கும். தப்பித்தவன் எல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பை உண்டாக்குவதுதான் அவள் தொழில், அதில் அவள் கெட்டிக்காரி.

கை தேறத் தேறக் கைத்தாங்கலைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் குறைத்தாள். அப்பாவுக்கு மட்டும் ஏற்றினாள்.

என்ன செய்வாள்? ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டிய மனிதர். முதல் முறை படகு மோதியதும் பட்டையைக் கழற்றி வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தட்டைத் தொடவில்லை. மறுநாள் அவள் கைத்தாங்கலைத் தூக்கிவிட்டாள். படகு பாறைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்று அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு குறைக்க மனம் வரவில்லை.

இன்று காலை அவர் கார் சாவியைப் பற்றிப் பேச்செடுத்தார். பள்ளி விடுமுறையாம், பேத்தியை நீச்சல் வகுப்புக்குத் தானே கூட்டிப்போகிறாராம். ஆற்றையே தாண்டியாயிற்று, இந்தத் தெரு என்ன பெரிய தெரு என்றார்.

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாவியை எடுத்து ஒளித்து வைக்கவும் மனம் ஒப்பவில்லை. சாயங்காலம் பேசலாம்ப்பா என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

வரும் வழியில்தான் அந்த யோசனை தோன்றியது. தன் வாயால் சொல்ல முடியாததை ஆட்டம் சொல்லட்டும். அப்பா காலையில் தவறாமல் விளையாடுவார். ஒரே ஒரு தடவை, கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் படகும் நகரட்டும். அவரே புரிந்துகொண்டு சாவிப் பேச்சை விட்டுவிடுவார்.

சிவப்புப் படகு முதல் பாறையிலேயே மோதியது.

மறுபடி தொடங்கினார். மோதியது. அடுத்த முறை படகு திரும்பக்கூட இல்லை, நேராகப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் அந்தக் கை. இத்தனை மாதத்தில் இப்போதுதான் அவளும் அதைப் பார்க்கிறாள்.

திரை அணைந்தது.

அழுகை வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், பெரிய நிம்மதியும் வந்தது. சாயங்காலம் சீக்கிரம் போய் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். மெதுவாகத்தான் தேறும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். இனி ஒளிவுமறைவு வேண்டாம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

போன் அடித்தது. அப்பாதான்.

குரலில் ஒரு வாட்டமும் இல்லை.

"உன் படகு ரிப்பேரும்மா. இடது பக்கம் திரும்பவே மாட்டேங்குது. உங்க மேனேஜர் கண்ணுல படறதுக்குள்ள சரி பண்ணிடு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த ரகம்தான். ஜெயித்தால் தன் கை, தோற்றால் ஆட்டத்தின் கோளாறு. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் கற்ற பாடம் இது. அப்பாவும் ஓர் ஆட்டக்காரர் என்பதுதான் தோன்றாமல் போயிற்று.

ஆட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவர் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கார் திரும்பப்போகும்போது விளக்கு மினுக்கும் டிக், டிக். எங்கோ பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் நடுச்சாலையில் அந்தக் கை பயத்தில் விறைத்துப்போகும். சொல்லாமல் விட்டால் அந்தக் கையை நம்பி அவர் போய்க்கொண்டே இருப்பார். பயத்தை விழுங்கிக்கொண்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசலாமேப்பா என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள்.

அப்பா சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பை நோய் வந்த பிறகு அவள் கேட்டதே இல்லை.

"எதுக்கு நிறுத்தணும்? போன் என் வலது கையில இருக்கு. அப்ப ஸ்டியரிங் எந்தக் கையில இருக்கு, சொல்லு பாப்போம்."

சொல்லாதீங்க தாத்தா, அம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று பின் இருக்கையிலிருந்து அவள் மகள் கைதட்டினாள்.