குறி மாறிய படம்

“நாளையிலேருந்து நான் லீவு. இன்னிக்கே இதை முடிச்சிடணும். பாடம் நடத்த மாட்டேன். நீங்களே பேசிக் கண்டுபிடிக்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வேன்.”

எக்ஸ்ரே படத்தை மாட்டிவிட்டு மாணவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார் பேராசிரியை.

மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளியின் நெஞ்சுப் படம். ‘இடது’ என்ற குறி ஒரு பக்கம் இருக்க, இதயம் மறுபக்கம் இருந்தது.

மாணவர் குழுவின் தலைவிக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை பீடிகை?

“மிஷின் சரியா இருந்ததா மேடம்?”

“இருந்தது.”

“படம் எடுத்தவர் புதுசா?”

“இருபது வருஷ சர்வீஸ்.”

“இருந்து என்ன? அரைத்தூக்கத்துல குறியை மாத்தி வெச்சிருக்கார். படத்தைத் திருப்பி, குறியைத் திருத்தி டாக்டருக்கு அனுப்பிடலாம்.”

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

“அவர் சரியாத்தான் வெச்சார். இவ்வளவு நேரமா மிஷினைக் கேட்டீங்க, ஆளைக் கேட்டீங்க. பேஷண்டைப் பாக்கணும்னு மட்டும் ஒருத்தருக்கும் தோணல.”

தலைவியின் குரல் இறங்கியது. “பேஷண்ட் எங்க மேடம்?”

பேராசிரியை அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் வலப்பக்கம் வைத்தார். உள்ளே நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“படத்தைத் திருப்பாம அப்படியே அனுப்பும்மா. நாளைக்கு ஆபரேஷன் எனக்குத்தான்.”