அலுமாரிச் சாவி

"அலுமாரி, கதிரை, மேசை, ஜன்னல், சாவி. பாத்தீங்களா நானா, எனக்கு அந்த ஊர்ப் பாஷை பாதி தெரியும்!"

"நல்லது. லிஸ்பன் தெருவில பசிச்சா ஒரு கதிரை தாங்க, ரெண்டு ஜன்னல் தாங்க எண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடு."

பேராதனைப் பூந்தோட்டத்து வாசலைத் தாண்டிய பிறகும் நதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போர்த்துக்கீசர் நம் வீடுகளில் விட்டுப்போன சொற்களை அவள் ஒரு வாரமாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், மேட்டுத் தெருவில் மூச்சிரைக்க ஏறும் மஞ்சள் டிராம் வண்டியைப் படித்த நாளிலிருந்து அவளுக்கு அந்த நகரத்துப் பைத்தியம். அங்கே நாலு நாள் கமராவும் கையுமாக அலைய வேண்டும். அவளுடைய நானா, அண்ணன் ஹுதைபா, துணைக்கு வருகிறான். லீவு கிடைத்துவிட்டது. நாளைக் காலை கொழும்பில் விசாவுக்கு நேரமும் கொடுத்துவிட்டார்கள்.

மிச்சம் ஒன்றே ஒன்றுதான். நதாவின் பாஸ்போட் வாப்பாவின் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி வாப்பாவின் சட்டைப் பைக்குள் இருந்தது.

"காலையில என்ன சொன்னார்? இன்னொருக்கா சொல்லு" என்றான் ஹுதைபா.

நதா மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "போட்டோ எடுக்க ஒரு நாட்டுக்குப் போறதா? கெலிஓயாவில இருந்து எட்டிப் பாத்தாப் பேராதனைத் தோட்டம். கல்யாணம் முடிச்சு இருபத்தெட்டு வருஷம், நான் ஒருநாள் உள்ளுக்குக் கால் வெச்சிருப்பனா? சுத்தித் திரியிற பழக்கம் நம்மட குடும்பத்தில இல்ல மகள். முதல்ல இங்க ஒரு நல்ல படம் எடுத்துக் காட்டு. பிறகு சாவியப் பத்திப் பேசுவம்."

"பிறகு?"

"பிறகென்ன, 'கைரியா, குடைய எடு, கிளினிக்குக்கு நேரமாகுது' எண்டு உம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிட்டார். ரத்தத்தில சீனி கூடி வருத்தம் வந்த நாளில இருந்து புதன்கிழமை தவறாத மனிசன்."

"அப்ப பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி வரமாட்டாங்க. அதுக்குள்ள எடுத்து முடி."

"சும்மா படம் சரிவராது நானா. கண்டதும் வாப்பா ஒரு சொல்லும் பேச ஏலாத படம் வேணும்."

பனை வரிசையை எடுத்தாள். "இது எல்லாக் கலண்டரிலயும் இருக்கு" என்றான் நானா. தலைகீழாகத் தொங்கிய வௌவால்களை எடுத்தாள். "இதப் பாத்தா வாப்பா பயந்து இன்னொரு பூட்டு வாங்குவார்" என்றான். தொங்கு பாலத்தில் அவனையே நிறுத்தி எடுத்தாள். அவனே பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னான்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"லவ் பண்ண வந்ததா?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அல்லாஹ்! இது என்ட நானா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றது." பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா, குடை எங்க?"

அவர் காட்டிய திசையில் பார்த்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் புல்வெளி ஓரமெல்லாம் குடைகள் விரிந்து கிடந்தன. சிவப்பு, நீலம், பூப்போட்டது. ஒவ்வொரு குடைக்குக் கீழேயும் நாலு கால்கள்.

"குடை இல்லாம இங்க யாரும் லவ் பண்ற இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

நதாவின் கண்கள் பளபளத்தன. "இதுதான் நானா படம்! முகம் இல்ல, கால் மட்டும்தான். யாருக்கும் மானம் போகாது."

"உனக்கென்ன விசரா? வாப்பா இதப் பாத்தா என்ட பாஸ்போட்டையும் உள்ள வெச்சுப் பூட்டுவார்."

"இப்படி ஒரு படம் லிஸ்பன்ல கிடைக்குமா, சொல்லுங்க!"

"அப்ப என்னத்துக்கு லிஸ்பன்?"

அவள் முறைத்துவிட்டுப் புல்லில் முழந்தாளிட்டாள். ஆற்றோரம் மூங்கில் புதருக்குப் பக்கத்தில், எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, ஒரு பெரிய கறுப்புக் குடை தனியாக இருந்தது. நதா பூனை மாதிரி அதை நோக்கி நகர்ந்தாள். உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு பெண்ணின் சிரிப்பு வந்தது.

"வா போவம்" என்று ஹுதைபா பின்னாலிருந்து கிசுகிசுத்தான். "பாவம், புதுசாக் கல்யாணம் முடிச்சதுகள் போல."

"எப்படித் தெரியும்?"

"பழசுகள் எங்கயாவது இப்படிச் சிரிக்குமா?"

நதா வாயைப் பொத்திக்கொண்டு கமராவைக் கண்ணில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. குடையைப் பிடுங்கிப் புல்வெளியில் உருட்டிவிட்டது. விரல் தானாகவே கமராவை அழுத்தியது.

ஐஸ்கிறீம் கரண்டியை நீட்டியபடி உம்மா. அதற்கு ஆவென்று வாயைத் திறந்தபடி, புதன்கிழமை தவறாத வாப்பா.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

நதா கமராவை இறக்காமலே கேட்டாள்: "வாப்பா, அந்த அலுமாரிச் சாவியக் கொஞ்சம் தாங்களேன்?"