புத்தி சொல்லும் இடம்

வந்துவிட்டான், இன்னொருத்தன்.

மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி வாசலில் நின்றான். மீன் கம்பெனிச் சீருடை, ரப்பர் பூட்ஸ், படிய வாரிய தலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த தகப்பனைப் போல முகத்தில் ஒரு பெருமை வேறு.

"டீச்சர், இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

டீச்சராம். புத்தியாம்.

ஒரு கரையில் தும்மினால் மறுகரையில் கேட்கிற தீவு நாடு. அதற்கும் ஓர் அரசாங்கம், அதற்கும் ஓர் அமைச்சகம். டின்மீன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, இங்கேயே குடும்பமாகிப் போன தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் வந்து பேச ஓர் இடம் வேண்டும், தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆலோசனை மையம் என்றுதான் எழுதிக் கொடுத்தாள்.

அமைச்சகத்து மேதாவி ஒருத்தன் அதைத் திருத்தினான். பலகை 'குடும்ப அறிவுரை நிலையம்' என்று வந்து தொங்கியது.

அவ்வளவுதான், தீர்ந்தது. அறிவுரை யாருக்கு? பொம்பளைக்குத்தானே!

திறந்த நாளிலிருந்து ஒரு பெண்கூடத் தானாக வரவில்லை. வந்ததெல்லாம் புருஷன்மார்கள். ஆளுக்கொரு பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பிராது. எதிர்த்துப் பேசுகிறாள். சோற்றைக் குழைத்துவிட்டாள். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருக்கிறாள்.

அவள் மட்டும் சும்மாவா இருந்தாள்? ஒவ்வொருத்தனையும் வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். புத்தி உங்களுக்குத்தான் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். போன வாரம் பனிமயம் என்ற பெண்ணைக் கூட்டி வந்தவனைப் போலீஸைக் கூப்பிடுவேன் என்று விரட்டியடித்தாள். அவன் பல்லைக் கடித்தபடி பனிமயத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

பெண்கள் வராவிட்டால் இந்த அறையைச் சுற்றுலாத் துறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று அமைச்சகம் சொல்லியாயிற்று. கொடுக்கட்டும். தொப்பியும் சங்கும் விற்கட்டும்.

இவனையும் திட்ட வாயைத் திறந்தாள். சீ, என்று ஆகிவிட்டது. எத்தனை பேரைத்தான் திட்டுவது?

"என்ன செஞ்சா?" என்றாள், நாற்காலியில் சாய்ந்து.

"வாய்தான் டீச்சர். வாய் அடங்க மாட்டேங்குது. நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க. நேரமானாலும் பரவால்ல, நான் வெளிய நிக்கேன்."

கதவையும் அவனே சாத்திவிட்டுப் போனான். என்ன ஒரு மரியாதை!

அந்தப் பெண் உட்காரவில்லை. கதவருகே போய்க் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, முட்டியோடு முட்டி இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

"யக்கா, நான் சலேத்து. போகும்போது அவர்கிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லுங்க. இவ லேசுல திருந்த மாட்டா, வாராவாரம் கூட்டியாங்கன்னு சொல்லுங்க."

"என்னம்மா சொல்ற?"

"நானா வந்தா உசுரோட விடுவாரா? எந்தத் தெருவுல காலை வெச்சாலும் அவரு கூட்டாளி ஒருத்தன் நிக்கான். இந்த எடம் எதுக்குன்னு கம்பெனி நர்ஸம்மா எங்களுக்குச் சொல்லிட்டாங்க. போர்டைப் பாத்தோம். இது நல்லாருக்கேன்னு நாங்கதான் கிளப்பிவிட்டோம், அங்க பொம்பளைகளுக்குப் புத்தி சொல்றாகளாம்னு. மீன் வெட்டுற மேசையில பேசி வெச்சது."

"நீங்களா?"

"பெறவு? வேணும்னே சோத்தக் குழைச்சோம். வேணும்னே எதுத்துப் பேசினோம். அதுக்கு ரெண்டு அடி கூடத்தான் விழுந்துச்சு. விழட்டும், இங்க கொண்டாந்து விடுவாகள்லா."

 வாசலோடு திரும்பிப் போன பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. தலையைக் குனிந்து நின்றதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவர்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"ஏங்க்கா," சலேத்து கோபமில்லாமல் கேட்டாள், "பனிமயத்த ஏன் உள்ள விடல?"

"அவ... இப்ப எப்படி இருக்கா?"

சலேத்து மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கதவில் தட்டல்.

"டீச்சர், சத்தத்தையே காணோம்?"

சலேத்தின் முகம் வெளுத்தது. திட்டுங்க, என்று உதட்டை மட்டும் அசைத்தாள். திட்டுங்கக்கா.

அவள் எழுந்தாள். மேசையை ஓங்கி அறைந்தாள்.

"கட்டின புருஷன்கிட்ட இப்படியா பேசுவ? அவ்வளவு திமிரா உனக்கு?"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவளுடைய குரல்தானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்காமல் கத்தினாள், நிறுத்தாமல் கத்தினாள். வாயை அடக்கு என்றாள். தலையைக் குனி என்றாள்.

வெளியே அவன் திருப்தியாகச் செருமிக்கொண்டான்.

சலேத்து கன்றிய இடம் தெரிய ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.